அறுபது தட்டுக்கு ஒரு மணி

மாமா செய்து கொண்டுவந்த பலகையில் நாற்பத்து நான்கு சட்டைப் பொத்தான்கள் இருந்தன. நான்கு வரிசை, வரிசைக்குப் பதினொன்று. கீழே, கட்டைவிரல் படுகிற இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு வழவழப்பான மரச்சட்டம். ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் ஒரு சுருள்கம்பி. அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் ‘டக்’ என்று மேலே வரும். எந்தப் பொத்தானிலும் எழுத்து கிடையாது. அதை முதல்முறை பார்த்தபோது இது என்ன விளையாட்டுச் சாமான் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் புரியவில்லை. அயித்தைக்கு மட்டும் புரிந்துவிட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பலகைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஐந்தாம் வகுப்பு. காரைக்குடியின் ஓரத்தில் கழனிவாசலில் எங்கள் வீடு. அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. தாய்மாமா கல்லுக்கட்டிக் கடைத்தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஆர்மோனியம் பழுது பார்ப்பவர். நாடகக்காரர்களும் பஜனைக்காரர்களும் அவரிடம் பெட்டியைக் கொண்டுவந்து போடுவார்கள். கட்டையும் கம்பியும் கம்பளித் துண்டும் அவர் சட்டைப்பையிலேயே கிடக்கும்.

அயித்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் குடும்பத்தில் பதினோராம் வகுப்பு முடித்த ஒரே ஆள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில், ஆடியில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. அவளுடைய இடது முழங்கை முழுதாக நீளாது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக என்னிடம் சொல்லியிருந்தார்கள். புருஷன் அடித்து ஒடித்தது என்பது தெருவில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து இரண்டு முறை ஆள் வந்து, எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டுப் போயிருந்தார்கள்.

அப்போதுதான் பள்ளத்தூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அயித்தைக்குப் பாடம் எடுத்த டீச்சர் ஒருவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை ஆகியிருந்தார். ஆபீசில் ஓர் இடம் ஜூனில் காலியாகிறது, டைப்பிங் லோயர் பரீட்சை பாஸ் செய்துவிட்டு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

டைப்பிங் கற்றுக்கொள்ள ஊரில் இன்ஸ்டிட்யூட் இருந்தது. அங்கே எட்டு மெஷின்கள். காலை ஆறு மணி முதல் ராத்திரி எட்டு வரை மணிக்கு எட்டுப் பையன்கள். பெண்களுக்கென்று ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியிருக்கவில்லை. ஒதுக்கியிருந்தாலும் புருஷனை விட்டு வந்தவள் பையன்களுக்கு நடுவில் போய் உட்காருவதற்கு அப்பா சம்மதித்திருக்க மாட்டார். மாமா அந்த இன்ஸ்டிட்யூட் மாஸ்டரின் வீட்டு ஆர்மோனியத்தைப் பழுது பார்க்கப் போன சாக்கில் ஒரு மெஷினை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டு வந்துவிட்டார். பலகை அப்படிப் பிறந்தது.

அப்பா அதைக் காலால் தள்ளாத குறையாகப் பார்த்தார்.

“ஏன் மாப்ள, ஆர்மோனியப் பெட்டியில பாட்டு வரும். பரீட்சையும் வருமா?”

“பாட்டுக்குத்தான் காத்து வேணும் மச்சான். இதுக்கு வெரலு போதும்.”

“தாளு?”

“அது பெறகு.”

“மையி?”

“அதுவும் பெறகுதான். நீங்க ஏன் மச்சான் அவசரப்படுறீக?”

“தாளும் இல்லை, மையும் இல்லை. நல்ல மிசினுடா இது,” என்றார் அப்பா. பிறகு அயித்தையைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “மாசியில பரீட்சைங்கிறான். எழுது. தேறிட்டா பள்ளத்தூருக்குப் போ, நான் ஒண்ணும் சொல்லலை. தேறலைன்னா சித்திரையில நானே கொண்டுபோயி ஒன்னைய அங்க விட்டுட்டு வருவேன். அதுக்கு மேல எனக்குப் பேச்சுத் தாங்காதுத்தா.”

அயித்தை பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சரிண்ணே,” என்றாள்.

மறுநாளே பாடம் தொடங்கியது. எந்த விரலுக்கு எந்தப் பொத்தான் என்று மாஸ்டர் எழுதிக் கொடுத்த தாளைச் சுவரில் ஒட்டினோம். பொத்தானில் எழுத்தை எழுதினால் கண் கீழே போகும், கண் கீழே போனால் வேகம் வராது என்று அவர் சொல்லியிருந்தாராம். மாமா அயித்தைக்கு முறை உள்ளவர், அதனால் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் என் வழியாகத்தான் பேசினார்கள்.

“ஒங்க அயித்தைய சுண்டுவெரலை நல்லா அழுத்தச் சொல்லு.”

“அயித்தெ, சுண்டுவெரலை நல்லா அழுத்தணுமாம்.”

“அழுத்துனா ரெண்டாவது பொத்தானும் சேந்து எறங்குதுன்னு சொல்லுடி.”

“மாமா, ரெண்டாவது பொத்தானும் சேந்து எறங்குதாம்.”

“எனக்குக் காது கேக்கும்டி,” என்பார் மாமா. ஆனாலும் அடுத்த கேள்வியும் என்னிடம்தான் வரும்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நிஜ மெஷினில் ஒரு வரி முடியப் போகும்போது உள்ளே மணி அடிக்கும். உடனே இடது கையால் தாள் சுற்றிய உருளையைத் தள்ளிவிட்டு அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். பலகையில் உருளையும் இல்லை, மணியும் இல்லை. உருளைக்குப் பதிலாக, அஞ்சறைப் பெட்டியின் இழுப்பு மூடியை மாமா பலகையின் தலையில் ஒரு பள்ளம் வெட்டிச் செருகினார். மணிக்குப் பதிலாக ஒரு பழைய சைக்கிள் மணியை என் கையில் கொடுத்தார். நான் தட்டுகளை எண்ண வேண்டும். கட்டைவிரல் சட்டத்தையும் ஒரு தட்டாகச் சேர்த்து, அறுபது வந்ததும் மணியை அடிக்க வேண்டும். அயித்தை மூடியைத் தள்ளுவாள். மறுபடி ஒன்று.

ஆறு மாதம் எண்ணினேன். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அரை மணி, மாலையில் விளக்கு வைக்கும்வரை. ஆலையிலிருந்து அப்பா கொண்டுவந்த பழைய ஆங்கிலப் பேப்பர்தான் பாடம். அதில் பத்தி குறுகல், ஒரு வரிக்கு ஐந்தாறு வார்த்தைதான் இருக்கும். அதனால் வரி எங்கே முடிகிறது என்று அயித்தை பேப்பரைப் பார்ப்பதில்லை. மணி சொன்னால்தான் அவளுக்கு வரி முடிந்தது.

முதலில் அறுபது எண்ணுவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். கார்த்திகை பிறந்தபோது எண்ணிக்கை ஓடத் தொடங்கியது. தை மாதத்தில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மழை பிடித்ததுபோல் விழுந்தன. அயித்தையின் கண் பேப்பரில் இருக்கும், முகம் அசையாது. பத்து விரல்களும் எங்கள் வீட்டைச் சேராத வேறு ஏதோ உயிர்கள்போல் ஓடும். பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்க்கும். இத்தனையும் அடிக்கிறாளே, ஒரு எழுத்துகூட எங்கும் விழவில்லையே என்று ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“அயித்தெ, நீங்க அடிச்சதெல்லாம் எங்க போகுது?”

“எல்லாம் சேந்துக்கிட்டே இருக்குடி. பரீட்சை அன்னைக்கு மொத்தமா வந்து விழும்.”

அதை நான் நம்பினேன். பலகையை இடம் மாற்றி வைக்கும்போதெல்லாம், உள்ளே இருப்பது சிந்திவிடாதபடி சாய்க்காமல் தூக்கினேன்.

தையில் மாஸ்டர் மனமிறங்கினார். ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டிட்யூட்டுக்கு விடுமுறை. பரீட்சைக்கு முந்தைய மூன்று ஞாயிறுகளும் மத்தியானம் ஒரு மணி நேரம் கதவைத் திறந்துவிடுவதாகச் சொன்னார். முதல் ஞாயிறு நாங்கள் மூவரும் போனோம். எட்டு மெஷின்களும் துணி போர்த்தி வரிசையாக இருந்தன. மாஸ்டர் ஒன்றின் துணியை எடுத்தார். கறுப்பாக, கனமாக, விசிறிபோல் விரிந்த கம்பிகளுடன் அது இருந்தது. அவர் தாளைச் செருகிச் சுழற்றினார். அயித்தை உட்கார்ந்தாள், விரல்களை வைத்தாள், அழுத்தினாள்.

ஒரு கம்பி எழுந்து தாளை அறைந்துவிட்டு விழுந்தது. வெள்ளைத் தாளில் ஒரு எழுத்து இருந்தது.

நான் வாயில் கை வைத்துக்கொண்டேன். அச்சடித்த எழுத்து! புத்தகத்தில் இருப்பதுபோலவே நிமிர்ந்து, ஒரே அளவாக. எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு அச்சாபீசுக்குப் போய்ப் பத்து நாள் காத்திருந்தோம். இவள் விரலை வைத்தால் விழுகிறது. ஒரு வரி முடியப் போகையில் உள்ளே எங்கோ ‘கிணிங்’ என்று ஒரு மணி தானாக அடித்தபோது, அறுபதை யார் எண்ணினார்கள் என்று குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தேன்.

மாஸ்டர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “பிழை இல்லம்மா. ஆனா எழுத்து வெளுப்பா விழுந்திருக்கு. அழுத்தம் பத்தாது.”

ஆர்மோனியச் சுருள் மிருது. அதில் பழகிய விரல் நிஜ மெஷினை அறைவதில்லை. மாமா அன்று சாயங்காலமே நாற்பத்து நான்கு சுருள்களையும் பிடுங்கி, டார்ச் லைட்டுக்குள் இருக்கும் கெட்டிச் சுருள்களாகத் தேடிப் பிடித்து மாற்றினார். பிறகு ஒரு வாரம் அயித்தை சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தின் நீண்ட ஹாலில். காலையில் நாங்கள் போனபோது மாட்டு வண்டிகளில் வைக்கோல் பரப்பி மெஷின்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் ஓர் ஆள் தலையில் சுமந்து போனான். ஹாலுக்குள் இருபத்து இரண்டு மெஷின்கள். இருபத்தொரு ஆண்கள், அயித்தை. அவளுக்கு சன்னலோரத்தில் மூன்றாவது இடம். மாமா வேப்பமரத்தடியில் நின்றார். நான் தண்ணீர்ச் செம்போடு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் மனதில் இருப்பதை அடித்து மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மேற்பார்வையாளர் விசில் ஊதினார். இருபத்து இரண்டு மெஷின்களும் ஒரே நேரத்தில் எழுந்தன.

அந்தச் சத்தத்தை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தறிக்கூடத்துக்குள் போயிருக்கிறேன், ஆலையில் நெல் கொட்டும்போது நின்றிருக்கிறேன். இது அந்த இரண்டுமில்லை. சன்னல் கம்பி என் உள்ளங்கையில் அதிர்ந்தது. செம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக எழுந்தது. சத்தத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள். கிணிங். கிணிங். இருபத்து இரண்டு மணிகள்.

அயித்தையின் இடது கை பாய்ந்து உருளையைத் தள்ளியது. நான்கு வார்த்தை அடித்திருப்பாள், மறுபடி தள்ளியது. மூன்று வார்த்தை, மறுபடி. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஐந்து நிமிடம் முடிந்து மறுபடி விசில் ஊதியபோது அவள் தாள் படிக்கட்டுபோல் இருந்தது. ஒரு வரி நீளம், ஒரு வரி குட்டை, ஒரு வரியில் ஒற்றை வார்த்தை.

தண்ணீர் குடிக்கக் கேட்டு அவள் சன்னலுக்கு வந்தாள். செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“எவன் மெசினுல மணி அடிச்சாலும் ஏங்கை போயித் தள்ளுதுடி. எது ஏம்மணின்னு தெரியலை.” தண்ணீரைக் குடிக்கவே இல்லை. “சித்திரைக்கு அனுப்பிருவாக. தெரிஞ்சுபோச்சு.”

எங்கே அனுப்புவார்கள் என்பதைவிட, ஆறு மாதம் மணியடித்தவள் நான் என்பதுதான் எனக்கு உறைத்தது.

“அயித்தெ, நான் எண்ணுறேன். அறுவது வந்தா கையைத் தூக்குறேன். நீங்க மணியைக் கேக்காதீக. ஏங்கையை மட்டும் பாருங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். “சரிடி,” என்று செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பரீட்சைக்கான அச்சுத் தாள் அவள் முன்னால் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

விசில். பத்து நிமிடம்.

காதால் எண்ண முடியாது. அவள் விரல்களைப் பார்த்து எண்ணினேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. கையைத் தூக்கினேன். அதே நொடியில் அயித்தையின் இடது கை உருளையைத் தள்ளியது! அடுத்த வரியில் நான் ஐம்பத்தேழில் இருக்கும்போதே தள்ளிவிட்டாள். அவசரமாகக் கையைத் தூக்கினேன். அதற்கடுத்தது அறுபத்திரண்டு வரை போனது. சத்தத்தில் எண்ணிக்கை வழுக்குகிறது என்று என்னையே திட்டிக்கொண்டு இன்னும் கூர்மையாக எண்ணினேன்.

ஆறாவது முறை தூக்கியபோது மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். சன்னலுக்கு வந்து குனிந்தார்.

“என்ன பாப்பா? ஒண்ணுக்குப் போகணுமா?”

இருபத்தைந்து, இருபத்தாறு. பேசினால் எண்ணிக்கை போய்விடும். தலையை மட்டும் ஆட்டினேன்.

“அங்குட்டுப் போ, கெணத்துக்குப் பின்னால.”

நான் அசையவில்லை. அறுபதில் அவர் மூக்குக்கு நேராகக் கையைத் தூக்கினேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா மரத்தடியிலிருந்தே, புள்ளைக்குப் பேச்சு வராது என்று சைகை காட்டினார். மேற்பார்வையாளர் என் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

மொத்தம் இருபத்தாறு முறை தூக்கினேன். கடைசி விசில் ஊதியபோது என் தோள் மரத்திருந்தது. அயித்தையின் தாளில் இருபத்தாறு வரிகள் ஒரே சீராக, கட்டிவைத்த சுவர்போல் நின்றன.

சித்திரை பாதியில் மாமா மூச்சு வாங்க ஓடிவந்தார். வழக்கம் மறந்து, நேராக அயித்தையைப் பார்த்தே, “பாசு!” என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, “ஒங்க அயித்தை பாசாம்டி,” என்றார்.

அன்று அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அயித்தை பரிமாறினாள். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“அண்ணே, பாசானது நானில்லை. இவதான். இவ மட்டும் சன்னல்ல நின்னு கையைத் தூக்கலைன்னா என் தாளு அன்னைக்கே குப்பை. அத்தனை சத்தத்துல ஒரு தட்டு தப்பாம எண்ணுனா.”

“இவளா?” அப்பா என்னைப் புதிதாகப் பார்த்தார்.

“இவதான். அதான் யோசிக்கிறேன். பள்ளத்தூருக்கு நான் எப்புடித் தனியா பஸ்ஸுல போயிட்டு வருவேன்? ஏற்கெனவே ஊரு வாயி சும்மா இல்லை. தொணைக்கு ஒரு ஆளு வேணும்ல. அங்க ஆறாவது இருக்கு. இவளையும் சேத்துவிட்டா என்கூட வந்துட்டுப் போவா.”

எங்கள் தெருப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிகிறது. என் பெரியப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் ஐந்தோடு நின்றவர்கள். எனக்கும் ஆலையில் உமி சலிக்க இடம் பார்த்தாகிவிட்டது.

“ஆறாவது படிச்சு இவ என்ன பண்ணப்போறா?”

“படிப்பை யாரு கேட்டா? தொணைக்குத்தாண்ணே.”

அப்பா ஒரு கவளம் சாப்பிட்டார், இன்னொன்றும் சாப்பிட்டார். “தனியாப் போறது நல்லாத்தான் இருக்காது,” என்றார்.

இப்போது எங்கள் பகுதி நூலகத்தில் சனி, ஞாயிறுகளில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். வயல் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்கள். சென்ற வருடம் அவர்களில் ஒருத்தி தாளைப் பார்த்து வேகமாக அடித்துக்கொண்டிருந்தபோது, போதும் நிறுத்து என்று பக்கவாட்டில் நின்று கையைத் தூக்கினேன். அவள் நிறுத்தவில்லை. இன்னும் உயரத் தூக்கி ஆட்டினேன். தாளில் கண் வைத்து அடிக்கிறவளுக்குப் பக்கத்தில் தூக்கிய கை தெரிவதில்லை. எனக்கு அந்தச் சன்னல் ஞாபகம் வந்தது. அந்த ஞாயிறே அயித்தை வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

“ஒன்னைய எங்க பாத்தேன்? தலையைத் திருப்புனா போச்சே. அச்சுத் தாளைத் திருப்புனதும் பாத்தேன், பேப்பரு மாதிரி இல்லை, வரியெல்லாம் நீட்டமா இருந்துச்சு. அதுல வரி எங்க முடிஞ்சுச்சோ அங்கனயே நானும் முடிச்சேன்.”

“பெறகு ஏன் அப்பாகிட்ட அப்புடிச் சொன்னீக?”

“காப்பி ஆறுது, குடி,” என்றாள்.

அப்போதெல்லாம் பள்ளத்தூருக்குக் காலை எட்டேகால் பஸ். அயித்தையின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஏற்றுவேன். சன்னலோரம் அவளை உட்காரவைத்து, யாரும் இடிக்காதபடி இந்தப் பக்கம் நான் உட்காருவேன். இறங்கியதும் முன்னால் நடந்து, அவளை ஆபீஸ் வாசல்வரை கொண்டுபோய் விட்ட பிறகுதான் என் வகுப்புக்குப் போவேன். ஆறு வருடமும் அதே வழக்கம்தான்.

“உள்ள போங்க அயித்தெ. வெளியில எங்கயும் போயிறாதீக. நாலேகாலுக்கு நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.”

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, கீழ்ப்படிந்தவளாக உள்ளே போவாள்.